கூண்டுக்குள் கம்ப்யூட்டர், தூணின் மேல் கேமரா

போன சனிக்கிழமை பிற்பகல் இரண்டே முக்கால் மணிக்கு, கிள்ளானில் ஒரு சர்ச்சின் நடுவில் நின்று நான் தலையைச் சொறிந்தேன். ஒரு விநாடிதான். ஆனால் செலாயாங்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த என் நண்பன் சாலமன், அந்த அரிய காட்சியை அதற்குப் பிறகு வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பாலா, தள்ளிக்க லா! எவ்ளோ நேரம்டா உன் மண்டையவே பாக்குறது?"

அவன் குரல் ஒலிபெருக்கி வழியாகச் சர்ச் முழுக்கக் கேட்டது. இருநூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தள்ளிப்போய் எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. படம்தான் தள்ளவில்லை. கேமரா அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

சாலமனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அடுக்குமாடியில் எதிரெதிர் வீடு. இருபத்தெட்டு வருடப் பழக்கம். அன்றைக்குக் கல்யாணம் அவன் ஒரே மகள் கிரேஸுக்கு. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அம்மா தவறிவிட்டார். தலை பின்னிவிடுவதில் ஆரம்பித்து, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் புடவை கட்டிவிடுவது வரை எல்லாம் சாலமன்தான். வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் புடவை கட்டக் கற்றுக்கொண்ட லோரி டிரைவர், எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

அப்படிப்பட்டவன், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான். ஆபரேஷன். படுத்த படுக்கை. தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். கேட்டால்தானே? "தேதிய மாத்தினீங்க, நான் மருந்து சாப்பிட மாட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தான்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டான். சர்ச் கல்யாணத்தில் போதகர் ஒரு கேள்வி கேட்பார் — இந்தப் பெண்ணை இவருக்குக் கொடுப்பது யார்? பெண்ணின் அப்பா 'நான் கொடுக்கிறேன்' என்று சொல்ல வேண்டும்.

"அத நான்தான் சொல்லணும் பாலா. வேற யாரும் சொல்லக்கூடாது. அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே சொல்லணும்."

போதகர் தங்கமான மனிதர். யோசிக்காமல் ஒப்புக்கொண்டார். சர்ச் கம்ப்யூட்டரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு வீடியோ கால். தூணின் மேலே இருக்கிற கேமரா வழியாகச் சாலமன் எல்லாவற்றையும் பார்ப்பான். அவன் பதில் சொன்னால் ஒலிபெருக்கியில் கேட்கும். இதைப் பார்த்துக்கொள்வது யார்?

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் லா, நீ பேசாம படு" என்று நெஞ்சைத் தட்டியது அடியேன். இந்த வாய் இருக்கிறதே... வாய்!

வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிக்க வந்து போகிறவர்களுக்கு என் தொழில்நுட்ப ஞானத்தின் ஆழம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வேலை செய்யவில்லையா? பிளக்கைப் பிடுங்கு. பத்து எண்ணு. திரும்பச் சொருகு. வைஃபை பெட்டி, பிரிண்டர், வாஷிங் மெஷின்... ஒரு முறை விருந்துக்குப் போன வீட்டு மீன் தொட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. மனிதர்களிடமும் நான் அப்படித்தான் என்பது என் மனைவியின் குற்றச்சாட்டு. இந்த வருடம் மட்டும் மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறேன். அதில் ஒன்று அவள் பிறந்த வீட்டுக் குழு.

ஆகவே அன்றைக்கும் பிடுங்கத்தான் ஓடினேன். கேமராவிலிருந்து வரும் யுஎஸ்பி வயரை ஒரு முறை உருவிச் சொருகினால் போதும், சரியாகிவிடும். ஆனால் எங்கே போய் உருவுவது?

கேமரா இருப்பது இருபதடித் தூணின் உச்சியில். வயரின் இன்னொரு முனை இருப்பது இரும்புக் கூண்டுக்குள்.

கூண்டா என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எதற்குத்தான் கிரில் இல்லை? ஜன்னலுக்கு கிரில், கதவுக்கு கிரில், கார் நிறுத்தும் இடத்துக்கு கிரில், வெளியே தொங்கும் ஏர்கோன் பெட்டிக்கும் கிரில். சில வருடங்களுக்கு முன் அந்தச் சர்ச்சில் யாரோ புகுந்து பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உடனே கமிட்டி கூடியிருக்கிறது. புதுக் கம்ப்யூட்டருக்குச் சுவரோடு சேர்த்து ஓர் இரும்புக் கூண்டு. மூன்று பூட்டு. திரையும் கீபோர்டும் மௌஸும் மட்டும் வெளியே. ஒரு விரல் நுழைகிற ஓட்டை வழியாக வயர்கள் உள்ளே போகின்றன. சொருகியிருப்பதெல்லாம் உள்ளே.

இவ்வளவு முன்யோசனையுள்ள கமிட்டி, அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருந்தது. திருடன் வந்தால் சிரமப்படக்கூடாது அல்லவா?

கூண்டின் சாவி ஜேம்ஸ் அங்கிளிடம். சர்ச்சின் மேசை நாற்காலி முதல் மின்விசிறி வரை எல்லாம் அவர் பொறுப்பு. ஜேம்ஸ் அங்கிளைக் காணோம். மாலை விருந்துக்குச் சாத்தே, அதாவது குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, வாங்கக் காஜாங்குக்குப் போயிருக்கிறாராம். போன் போட்டேன்.

"சாவியா? என் பாக்கெட்லதான் பத்திரமா இருக்கு தம்பி. கவலையே படாதீங்க!"

"அங்கிள், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"சுபாங் பக்கம். ஜாம் லா, நகரவே மாட்டேங்குது. ஆனா சாத்தே சூடாத்தான் இருக்கு."

கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு மறுபடி போட்டால் என்ன என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். கை சுவர் சுவிட்சு வரைக்கும் போய்விட்டது. நல்ல வேளை, சாலமனே கத்தினான்.

"டேய், வீடியோ கால வெட்டிடாதே! என்னால திரும்ப எடுக்க முடியாது. டேப்லெட்ட கால்மாட்டுல ஸ்டாண்டு போட்டு வச்சிருக்காங்க. நர்ஸ் அந்தப் பக்கம் போயிட்டாங்க. எனக்குக் கையும் எட்டல, காலும் எட்டல!"

ஆக, அணைக்கவும் முடியாது. என் ஹேண்ட்போனிலிருந்து வேறு கால் போட்டாலும் அவனால் எடுக்க முடியாது. வார்டுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவனுக்குச் சத்தம் எல்லாம் கேட்கிறது. படம் மட்டும் என் மண்டை.

வெளியே கல்யாணக் கார் வந்து நின்றது. ஓடினேன். கிரேஸ் கண்ணாடியை இறக்கினாள். வெள்ளைப் பட்டுப்புடவை, தலையில் மெல்லிய முக்காடு, கையில் பூச்செண்டு.

"அங்கிள், அப்பாவுக்குப் படம் தெரியுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. "இன்னும் இல்லம்மா..."

"அப்ப நான் இறங்க மாட்டேன் அங்கிள்." கண்ணாடி மேலே போய்விட்டது. அப்பன் மாதிரியேதான் மகள்.

போதகர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரைக்கு அதே சர்ச்சில் வேறொரு கல்யாணம். "மூணு இருபது வரைக்கும் காத்திருக்கலாம் பிரதர். அதுக்கு மேல நம்ம கையில இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். சுவரில் மணி மூன்று அடித்து நாலு நிமிடம். இருபத்தெட்டு வருட நண்பன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துவிடுவேன் போலிருந்தது.

மூலையில் ஒரு குடை இருந்தது. எடுத்தேன். வளைந்த கைப்பிடியைக் கூண்டுக் கம்பிகளுக்கு நடுவில் விட்டு, கேமரா வயரைக் கொக்கி போட்டு இழுக்கப் பார்த்தேன். எந்த வயர் கேமரா வயர்? எல்லாம் கறுப்பு. ஏதோ ஒன்றை இழுப்போம்...

"அண்ணே, அதை இழுத்துறாதீங்க."

திரும்பினேன். நாற்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. பச்சைக் காஞ்சிபுரம், தலை நிறைய மல்லிகை, கையில் வரவேற்புத் தட்டு. மாப்பிள்ளைக்குச் சித்தி. பெயர் பிரேமா. தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குடையை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"இது பூட்டுன பொட்டி. பூட்டுன பொட்டிதான் என் பொழப்பே. கொஞ்சம் நகந்துக்கிறீங்களா?"

அவருக்கு வேலை ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் அலுவலகத்தில். ஷாப்பிங் மால்களில் பார்க்கிங் கட்டணம் செலுத்த இரும்பு மெஷின் நிற்குமே, அவற்றைப் பராமரிக்கும் நிறுவனம். கார்டு தேய்க்கிற பகுதி திடீரென்று செத்துவிடும். அதுவும் உள்ளே யுஎஸ்பி வயரில்தான் தொங்குகிறதாம். பின்னால் வரிசை நிற்கும். ஹாரன் அடிப்பார்கள். மெஷினோ எங்கேயோ ஒரு மாலின் மூன்றாம் தளத்தில், இரும்புப் பெட்டிக்குள். இவரோ ஆபீசில்.

"ஒவ்வொன்னுக்கும் ஆள் அனுப்பித் தொறந்து பிடுங்கிச் சொருகணும்னா, அன்னிக்கு யாரும் வீடு போய்ச் சேர முடியாது. அதனால ஆபீஸ்ல இருந்தே, இன்டர்நெட் வழியா, பிடுங்காமலே பிடுங்கணும்ணே."

பிடுங்காமலே பிடுங்குவதா? இது என்ன சித்து விளையாட்டு?

நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு கறுப்புக் கட்டத்தைத் திறந்து ஏதோ தட்டினார். வரிசையாகச் சில பெயர்கள் வந்தன. கம்ப்யூட்டரில் எதெல்லாம் சொருகியிருக்கிறது என்பதற்கான பட்டியலாம். கேமரா, கீபோர்டு, மௌஸ்... ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.

"மொதல்ல யாரு எங்க இருக்காங்கன்னு பாக்கணும். இதுல ஹார்ட் டிஸ்க் எதுவும் மாட்டியிருந்தா கைய வைக்க மாட்டேன். அது எழுதிக்கிட்டு இருக்கும்போது கழட்டிவிட்டா எல்லாம் போச்சு." விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார். "இல்ல. நல்லது."

நான் எப்போதாவது பிடுங்குவதற்கு முன்னால் பார்த்திருக்கிறேனா? அந்த வயரில் வேறு யார் தொங்குகிறார்கள் என்று நினைத்ததாவது உண்டா?

வாத்தியார் குறும்புக்காரப் பையனை "வெளியே போய், ஒழுங்கா மறுபடியும் உள்ளே வா" என்பாரே, அப்படித்தானாம் இந்த வேலை. வயர் சொருகினது சொருகினபடி இருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் கேமராவைப் பார்த்து, 'நீ யாரென்றே எனக்குத் தெரியாது, போ' என்று சொல்லிவிடும். கொஞ்சம் பொறுத்து, 'சரி, வா, உன் பெயரைச் சொல்' என்று கூப்பிடும். கேமராவும் புத்தி தெளிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஒரு கட்டளை தட்டினார். எதுவும் நடக்கவில்லை. இன்னொரு முறை. ஊகூம். திரையில் என் மண்டை அசையவே இல்லை.

மணி மூன்று பதினொன்று.

"ரொம்பப் பிடிவாதமா இருக்கு. கேமராவ மட்டும் எழுப்ப முடியல. அது சொருகியிருக்கிற ஹப்பையே கழட்டி மாட்டணும்." ஹப் என்பது ஒரு சின்னப் பெட்டி. பல வயர்கள் அதில் சொருகி, அதிலிருந்து ஒரே வயராகக் கம்ப்யூட்டருக்குப் போகும்.

"அப்ப கழட்டுங்க!" என்றேன். பிடுங்குவதில் எனக்கு இருக்கும் உற்சாகம்தான் உங்களுக்குத் தெரியுமே.

பிரேமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இந்தக் கீபோர்டும் அதே ஹப்லதான் இருக்கு. மௌஸும்தான். ஹப்பக் கழட்டுன்னு சொன்னா இதுவும் சேந்து செத்துரும். அப்புறம் திரும்ப மாட்டுன்னு எதால டைப் பண்றது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட கதையாக அல்லவா போயிருக்கும்! நானாக இருந்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்திருப்பேன். பெருமையோடு வேறு.

"புதுசா வேலைக்குச் சேந்தப்ப நானே செஞ்சேன் இந்தத் தப்ப. ஒரு மெஷின்ல இன்டர்நெட் பொட்டியும் அதே ஹப்ல இருந்தது. கழட்டிட்டேன். மெஷின் என்னை விட்டுப் போயே போச்சு. பெருநாள் சமயம் வேற. நானே கார் எடுத்துக்கிட்டுப் போய்த் தொறந்தேன்." சொல்லிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார். "அன்னிலேருந்து ஒரு பழக்கம். அனுப்புறதுக்கு முன்னாடியே திரும்ப வர்றதுக்கு வழி எழுதி வச்சுருவேன்."

எழுதினார். இரண்டு கட்டளை அல்ல, ஒரே வரி. கழற்று... ஐந்து விநாடி காத்திரு... திரும்ப மாட்டு. மூன்றும் ஒரே மூச்சில். கீபோர்டு செத்துப்போனாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டருக்கு மீதி வேலை ஏற்கெனவே தெரியும்.

என்னை வியக்க வைத்தது அந்தப் புத்திசாலித்தனம்கூட இல்லை. வெளியே காரில் மணப்பெண், பக்கத்தில் கடிகாரத்தோடு போதகர், பின்னால் இருநூறு ஜோடிக் கண்கள்... அந்தப் பெண்மணி அவசரப்படவே இல்லை. எழுதிய வரியை உதடு அசைய மூன்று முறை படித்தார். பட்டியலில் இருந்த எண்ணையும் வரியில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டார். ஓர் இலக்கத்தை மாற்றினார். மறுபடியும் படித்தார். அதற்குப் பிறகுதான் விரலை வைத்தார்.

"சாமிய வேண்டிக்குங்கண்ணே. உங்க சாமி, எங்க சாமி, யாரா இருந்தாலும் சரி."

தட்டினார்.

கீபோர்டின் சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. மௌஸின் சிவப்பு வெளிச்சமும் போய்விட்டது. ஒன்று... இரண்டு... நான் வரவேற்புத் தட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று... நான்கு... ஐந்து விநாடி இவ்வளவு நீளம் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

விளக்கு எரிந்தது. மௌஸ் சிவந்தது. தூணின் உச்சியில் கேமரா ஒரு முறை தலையை ஆட்டி, நேராக நிமிர்ந்தது. பிரேமா ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக் கேமராவை மறுபடி வீடியோ காலில் சேர்த்தார். என் மண்டை ஒழிந்தது. பீடமும் பூவும் நடுவில் சிவப்புக் கம்பளமும், ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நாங்களும் பளிச்சென்று தெரிந்தோம்.

"ஹா! தெரியுது, தெரியுது! யாரு அந்தப் பச்சைப் புடவை அக்கா?" என்றது ஒலிபெருக்கி.

சர்ச்சுக்குள் கைதட்டக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். தட்டினார்கள். பிரேமா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கறுப்புக் கட்டத்தை மூடி, என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, "கல்யாணம் முடியுற வரைக்கும் இங்கயே நிக்கிறேண்ணே, எதுக்கும்" என்று மட்டும் சொன்னார். எத்தனையோ பேருடைய மேடைப் பேச்சைக் கேட்டிருக்கிறேன், எழுதியும் கொடுத்திருக்கிறேன். வேலை தெரிந்தவர்களின் இந்த அடக்கத்துக்கு முன்னால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம்தான்.

மூன்று பதினேழுக்குக் கிரேஸ் உள்ளே வந்தாள். அப்பாவின் இடத்தில் வேறு யாரும் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். தனியாகவே நடந்தாள். நடக்கும்போது பீடத்தையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. தூணின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் அழுதேன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. போதகர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"இந்தப் பெண்ணை இவருக்குக் கொடுப்பது யார்?"

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

ஒரு விநாடி. மூன்று விநாடி. பத்து. சர்ச் முழுக்கச் சலசலப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியுமா? பிரேமாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் திரையைப் பார்த்தார், குனிந்து இன்னும் நன்றாகப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார்.

"மெஷின் நல்லா ஓடுதுண்ணே. அவருக்குத்தான் பேச்சு வரல."

எட்டிப் பார்த்தேன். திரையில் சாலமன். ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல், கல்யாணத்துக்கென்று தைத்த கோட்டை யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். வாய் திறந்திருக்கிறது. கன்னம் முழுக்கத் தண்ணீர். வார்த்தை வரவில்லை. இதற்குப் பிரேமாவிடமும் கட்டளை கிடையாது. போதகர் கேள்வியைத் திரும்பக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் கிரேஸ் அண்ணாந்தாள்.

"அப்பா... சாப்டியா?"

இருபது வருடமாகத் தினமும் கேட்கிற கேள்வி. இருநூறு பேர் நடுவில், முக்காட்டோடு, பீடத்துக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"ம்..." என்று ஒலிபெருக்கி மூக்கை உறிஞ்சியது. "கஞ்சி குடுத்தாங்கம்மா." சர்ச்சே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சாலமன் சொன்னான்.

"நான் குடுக்குறேன் பாஸ்டர். ஆனா ஞாயித்துக்கெழம தவறாம வீட்டுக்கு அனுப்பிரணும்."

போதகர் புத்தகத்தைப் பார்த்தார். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. மாப்பிள்ளைதான் குனிந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"சரி மாமா."